பிரேசில் பண்டாரி எடுத்துப் போன பிள்ளையார்

ரங்கூனில் அடைமழைக் காலத்தில் மழைத் தண்ணீரைப் பிடித்துச் சேமித்து வைத்த மனிதர் ஒரே ஒருவர்தான். அந்த ஊர் உண்டான நாள் முதல் அப்படி இன்னொருவர் இருந்ததில்லை, இனிமேலும் பிறக்கப் போவதில்லை. வேண்டுமானால் பந்தயம் கட்டுகிறேன். வைகாசியில் திறந்த வானம் ஐப்பசி வரைக்கும் மூடாத ஊர் அது. செருப்பில் காளான் முளைக்கும். உலர்த்திய வேட்டி காய்வதற்குள் இற்றுவிடும். அப்பேர்ப்பட்ட ஊரில் இந்த மனிதர் கூரை விளிம்புக்குக் கீழே குடம், அண்டா, வாளி, சட்டி என்று வரிசையாக வைத்து நிரப்பி, தட்டுப் போட்டு மூடிப் பத்திரப்படுத்துவார். என்னுடைய சவரக் கிண்ணம்கூடத் தப்பவில்லை.

"என்னய்யா இது, நான் ஆபீசுக்குப் போக வேணாமா?" என்று சத்தம் போட்டால், "கீழ ஊத்திராதீக தம்பி. ஒரு வாய் குடிச்சிட்டு மிச்சத்துல செரைச்சுக்கங்க" என்பார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில் நடந்த சங்கதி. அப்போது நான் ரங்கூனின் அலோன் பேட்டையில் ஓர் அரிசி மில் ஆபீசில் குமாஸ்தா. ஆற்றங்கரைக் கிடங்குகளுக்குப் பின்னால் ஒரு மரவீட்டு மாடியில் எங்கள் மெஸ். கீழே வீட்டுக்காரி டோ சீன், சுருட்டும் கையுமாக இருக்கும் பர்மியப் பெரியம்மா. மாடியை வாடகைக்கு எடுத்து மெஸ் நடத்தியவர் மேஸ்திரி. கப்பலில் மூட்டை ஏற்றும் ஆட்கள் முழுக்க அவர் சொல்லுக்கு அடங்கியவர்கள். என்னோடு அறையில் இருந்தவர் தபால் குமாஸ்தா. அவரைப் போஸ்டாபீஸ் என்றே கூப்பிடுவோம். எதையும் முத்திரை குத்தாமல் நம்ப மாட்டார்.

சமையல் நம் கதாநாயகர். கப்பல் சமையல்காரனுக்குப் பண்டாரி என்று பெயர். பிரேசில் தேசத்துக்குப் போய்வந்த பண்டாரி என்பதால் பிரேசில் பண்டாரி. நாளடைவில் பண்டாரியும் உதிர்ந்து வெறும் பிரேசில். "பிரேசில், ரசம்" என்றால் ரசம் வரும். அவருடைய சொந்தப் பெயர் எனக்குக் கடைசி வரைக்கும் தெரியாது. கேட்க வேண்டும் என்று தோன்றியதும் இல்லை.

ஜெர்மன் சண்டைக் காலத்தில் அவர் வேலை பார்த்த சரக்குக் கப்பல் பெர்னாம்புகோ என்ற துறைமுகத்தில் இஞ்சின் கெட்டு நின்றுவிட்டதாம். பஞ்சு மூட்டை கொண்டு வந்த கோவேறு கழுதைக்காரன் ஒருவன், இவர் வைத்த மிளகுக் குழம்பை ருசி பார்த்துவிட்டு, கண்ணில் நீர் வழிய, "எங்கள் ஊருக்கு வந்து இதை வைத்துக் கொடு" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனானாம். ரயில் போகும் வரை ரயில், அப்புறம் கழுதை.

"எறங்கிப் பாக்கேன் தம்பி, முதுகுளத்தூரு. அச்சு அசல் நம்ம முதுகுளத்தூரு. முள்ளுக்காடு, வெள்ளாடு, வெடிச்ச கம்மா. பனைகூட நிக்கிது, கொஞ்சம் ஒல்லியா. இதுக்கா இம்புட்டுக் கடலத் தாண்டி வந்தோம்னு ஆயிப்போச்சு."

"நீர் முதுகுளத்தூர்ல ஏறி முதுகுளத்தூர்லயே இறங்கியிருப்பீர்" என்பார் போஸ்டாபீஸ். "அவன் பாஷை உமக்கு எப்படித் தெரியும்?"

"நமக்குத் தெரிஞ்ச பாசைதான். அவன் சாவியச் சாவிங்கிறான். சன்னலக் காட்டுனா சனேலாங்கிறான். வாத்துக்குப் பாத்தோ, கோப்பைக்குக் கோப்போ. வேற என்ன வேணும்?"

"சாவி, சன்னல், வாத்து, கோப்பை. இதை வச்சுக்கிட்டு ஒரு மாசம் ஓட்டினீரா?"

"நீங்க பேசுறதுல இத விட என்ன பெருசா இருக்கு?" என்று கேட்டுவிட்டு அவர் மோர் ஊற்றப் போய்விடுவார்.

அந்த ஊரைப் பற்றி அவர் சொன்னதையெல்லாம் நாங்கள் சோற்றோடு சேர்த்துத் தின்றோம். மாடு மேய்ப்பவன் முள்ளுக்குப் பயந்து தொப்பியிலிருந்து கால் வரைக்கும் தோலையே உடுத்தியிருப்பான். தூரத்தில் பார்த்தால் மாடு எது, மேய்ப்பவன் எது என்று தெரியாது. கோடையில் கள்ளியை வெட்டி, நெருப்பில் முள்ளைப் பொசுக்கி மாட்டுக்குப் போடுவார்கள். கட்டில் என்ற பேச்சே கிடையாது. வீட்டுக்கு வீடு சுவரில் கொக்கி, கொக்கியில் தூளி. பெரியவர்களும் தூளியில்தான் படுப்பார்கள். விருந்தாளி வந்தால் புதுத் தூளி கட்டுவது பெரிய மரியாதை. இதை நிரூபிக்க அவர் அரிசிச் சாக்குகளைத் தைத்துச் சமையலறையில் ஒரு தூளி கட்டித் தூங்கினார். ஒருநாள் மதியம் போஸ்டாபீஸ் ஆசைப்பட்டு அதில் ஏறி, மறுபக்கம் வழியாக மாவுச் சட்டிக்குள் இறங்கினார்.

ஒரே ஒரு சங்கதியை மட்டும் பிரேசில் சிரிக்காமல் சொல்வார். அந்த வீட்டுக்குப் போனதும் வீட்டுக்காரி ஒரு கோப்பைத் தண்ணீர் கொடுத்தாளாம். கலங்கல் தண்ணீர். பானையின் அடியில் அகப்பை உரசும் சத்தம் இவருக்குக் கேட்டது. குழந்தைகள் கதவோரம் நின்று கோப்பையையே பார்த்தன. பாதி குடித்துவிட்டு, போதும் என்று நீட்டினார். அவள் வாங்கவில்லை. முழுதும் குடிக்கும் வரைக்கும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாளாம்.

"எங்க ஆத்தாவும் இப்படித்தான் நிப்பா" என்பார். எழுந்து போய்க் கூரையோரக் குடத்தை நேராக்கி வைப்பார்.

அந்த ஊரில் மழை பொய்த்தால் ஒரு வழக்கம் உண்டாம். பக்கத்து வீட்டுச் சூசையப்பர் சிலையை, அதாவது ஏசுநாதரின் வளர்ப்புத் தகப்பனாரை, யாராவது திருடிக்கொண்டு போய்விட வேண்டும். திருட்டுக் கொடுத்தவர்கள் தேடக் கூடாது. எங்கே என்று கேட்பதே தப்பு. எடுத்தவர் வீட்டில் பூ, விளக்கு எல்லாம் உண்டு. ஆனால் சொந்த இடத்துக்குப் போக வேண்டுமென்றால் அவர் மழை பெய்விக்க வேண்டும். பெய்தால் ஊர்வலமாகக் கொண்டுவந்து ஒப்படைப்பார்கள். இவர் இருந்தபோது கழுதைக்காரனின் மாமியாரே ஒரு சூசையப்பரை முக்காட்டுக்குள் மறைத்துக்கொண்டு வந்தாளாம்.

"பெய்ததா?" என்று கேட்டேன்.

"தெரியலையே தம்பி. அதுக்குள்ள கப்பல் கெளம்புதுன்னு ஆள் வந்துருச்சு." இதைச் சொல்லும்போது அவருக்கு முகமே வாடிவிடும். ஏழு கடலுக்கு அப்பால் யாரோ ஒரு வீட்டில் மழை பெய்ததா என்ற கவலை இத்தனை வருஷத்துக்குப் பிறகும் அவரை விட்டபாடில்லை.

அந்த வருஷம் அவருடைய சொந்த ஊரிலேயே அந்தக் கவலை வந்தது. முந்தைய ஐப்பசி மழை பொய்த்து, மாசியிலேயே கண்மாய் வறண்டுவிட்டது. முதுகுளத்தூர்ப் பக்கம் அவருக்கு இருந்த ஒரே உறவு ஒரு தங்கை. கட்டியவன் இல்லை, பிள்ளை இல்லை. ஒரு பசுமாடு உண்டு. இங்கே வந்துவிடு என்று பலமுறை ஆள் மூலம் சொல்லி அனுப்பியும், மாட்டை விட்டுவிட்டு வரமாட்டேன் என்று ஒரே பிடியாக இருந்தாள். ஊர்க் கப்பல் வரும் நாளெல்லாம் பிரேசில் கப்பல்துறை ஜெட்டிக்குப் போய்விடுவார். என் குடை பெரிய குடை என்பதால் நானும் கூடப் போக வேண்டியதாயிற்று. ரங்கூன் மழை கொட்டோ கொட்டென்று கொட்டும். அதில் நின்றுகொண்டு, இறங்குகிறவர்களை மறித்து, "ஐயா, மழை பேஞ்சுச்சா?" என்று கேட்பார்.

"உமக்குக் கண்ணு தெரியலையா? கொஞ்சம் தள்ளி நில்லும், உம்ம குடைத் தண்ணி பூரா என் மேல ஊத்துது" என்றார் ஒருவர்.

ஆடி மாதம் ஒருநாள் காலையில் மேஸ்திரி குளித்துவிட்டுச் சூடத்தோடு வந்து பார்த்தால், கூடத்துப் பலகையில் பிள்ளையார் இல்லை. தேங்காய் அளவு கருங்கல் பிள்ளையார். அவருக்குச் சூடம் காட்டாமல் மேஸ்திரி ஒரு மூட்டையைத் தொட விட்டதில்லை.

"நான்தான் எடுத்தேன்" என்றார் பிரேசில், தோசையைத் திருப்பிக்கொண்டே. "எங்கன்னு கேக்கக் கூடாது. அது மொறை இல்ல."

மேஸ்திரி சூடத்தைக் கீழே வைத்தார். "கடவுளைத் திருடிட்டு மொறை பேசுறியா? எங்க அப்பா கொண்டாந்த பிள்ளையாருய்யா."

"உங்கப்பா எங்கேயிருந்து கொண்டு வந்தார், அதையும் சொல்லும்" என்றார் போஸ்டாபீஸ்.

மேஸ்திரி தோசைக்கல்லைப் பார்த்தார். மானாமதுரைக் குளத்தங்கரையிலிருந்து அவருடைய அப்பா எடுத்து வந்தது அது. திருடி வைத்த பிள்ளையாருக்குத்தான் மகிமை அதிகம் என்று எங்களிடம் பலமுறை பெருமையடித்தவரும் அவரே. ஆகையால் திருட்டு என்ற வார்த்தையை விட்டுவிட்டு வேறு பக்கமாக வந்தார்.

"சரி, மழை வேணும்னுதானே? வெளிய பாரு. பேஞ்சு தொலைக்கிது. கொண்டாந்து வை."

"இங்க பேயிறது இவரு பேய வச்சதில்ல. எங்க ஊர்ல பேயணும்."

"சதுர்த்தி வரைக்கும் பாப்பேன். அன்னைக்குப் பலகையில அவரு இல்லேன்னா, மெஸ்ஸுல நீ இல்ல."

மேஸ்திரி சொன்னால் சொன்னதுதான். பிரேசிலுக்கோ இந்த மெஸ்ஸை விட்டால் போக்கிடம் கிடையாது. கப்பல் வேலைக்குக் கண் மங்கிவிட்டது. எடுத்துக் கொடுத்துவிடுமையா என்று நான் கெஞ்சினேன். "பாதியில குடுத்தா அவரு என்ன நெனைப்பாரு?" என்று பிள்ளையாருக்காக வருத்தப்பட்டார்.

சதுர்த்தியும் வந்தது. கப்பலில் வந்தவர்கள் சொன்னபடி முதுகுளத்தூர்ப் பக்கம் ஒரு துளி இல்லை. பிரேசில் விடியற்காலையில் எழுந்து கொழுக்கட்டை அவித்து, வெறும் பலகைக்கு முன்னால் படைத்து, தன் துணி மூட்டையையும் கட்டிக் கதவோரம் வைத்துவிட்டார். மேஸ்திரி பலகையைப் பார்த்தார், மூட்டையைப் பார்த்தார். வாயைத் திறக்கப் போகும் நேரத்தில் மாடிப்படி முனகியது. சுருட்டோடு டோ சீன் ஏறி வந்தாள்.

"நம்ம பொறந்த ஊரு மேலே பர்மா" என்றாள் மேஸ்திரியிடம். "மழே இல்லே. ரெண்டு பக்கம் ஆளு நின்னு கயிறு இழுக்கும். மழே வர்ற வரே இழுக்கும். நடுவுலே விட்டா, எல்லாம் விழும்."

சொல்லிவிட்டு ஒரு தட்டில் கொழுக்கட்டைகளை எடுத்து வைத்துக்கொண்டு, ஒன்றும் நடக்காததுபோல் கீழே தன் வீட்டுக்கு இறங்கத் தொடங்கினாள். அவ்வளவு நாள் பிள்ளையார் எங்கே இருந்தார் என்பது எங்கள் எல்லோருக்கும் அந்தக் கணமே தெரிந்துவிட்டது. அவள் வீட்டுப் புத்தர் அலமாரியில், புத்தருக்குப் பக்கத்தில், மல்லிகைப் பூவோடு. நான்கு எட்டு வைத்தால் போய் எடுத்துவிடலாம்.

மேஸ்திரி நின்றார். மூக்கை உறிஞ்சினார்.

"பெரியம்மா, இன்னும் ரெண்டு எடுத்துக்கங்க. அவருக்குத் தேங்காப் பூரணம்னா உசிரு" என்றார். பிறகு பிரேசிலின் மூட்டையைக் காலால் சமையலறைக்குள் தள்ளிவிட்டு வேலைக்குப் போய்விட்டார். அன்றைக்கு அவர் காலில் விழுந்து கும்பிட்டால்கூடத் தகும் என்று எனக்குத் தோன்றியது.

புரட்டாசியில் ஒருநாள் ஜெட்டியில் வழக்கம்போல நின்றோம். மழையென்றால் மழை, எதிரே நிற்கும் கப்பல்கூடத் தெரியவில்லை. இறங்கி வந்த கூட்டத்தை மறித்துப் பிரேசில், "தாயி, முதுகுளத்தூர்ப் பக்கமா? மழை பேஞ்சுச்சா?" என்று ஒரு பெண்பிள்ளையிடம் கேட்டார். குச்சிபோல் ஒரு உருவம், தலையில் சின்ன மூட்டை, கையில் ஒரு மாட்டுக் கயிறு.

"பேயலண்ணே" என்றாள் அவள்.

பிரேசில் குடையை விட்டுவிட்டார்.

"மாடு போயிருச்சு" என்றாள். கயிற்றைக் காட்டினாள். அதற்கப்புறம் அண்ணனைக்கூடப் பார்க்கவில்லை. மூட்டையைக் கீழே வைத்துவிட்டு முகத்தை மேலே தூக்கினாள். கண்ணை மூடி, வாயைத் திறந்து, அப்படியே நின்றாள். கூலி ஆட்கள் திட்டிக்கொண்டே சுற்றிப் போனார்கள். பிரேசில் பக்கத்தில் நின்று இரண்டு கையையும் குவித்து மழையைப் பிடித்து, "குடி தாயி, பூராத்தையும் குடி" என்றார். அழுதாரா என்று கேட்காதீர்கள். அந்த மழையில் யார் அழுதாலும் தெரியாது. நானும் அந்த வசதியைப் பயன்படுத்திக்கொண்டேன்.

சாயங்காலமே பிள்ளையாரைத் திருப்பிக் கொண்டுவர வேண்டும் என்று பிரேசில் நின்றார். போஸ்டாபீஸ் வழக்கம்போல் முத்திரை கேட்டார். "உங்க ஊர்ல இன்னும் பெய்யலையேய்யா, எப்படித் திருப்பிக் கொடுப்பீர்?"

"மழைய அவகிட்டக் கொண்டுபோவச் சொன்னேன். அவரு அவளை மழைகிட்டக் கொண்டாந்துட்டாரு. அவரால ஆனது அதுதான். இதுக்கு மேல அவரைப் புடிச்சு வைக்கிறது நாயமில்ல."

ஊர்வலம் புறப்பட்டது. டோ சீன் வீட்டு வாசலிலிருந்து எங்கள் மாடிக்கு இருக்கும் தூரத்தை, தெருவைச் சுற்றிக்கொண்டு, கொட்டும் மழையில் போனோம். மேஸ்திரியின் ஆட்கள் தகரத்தில் தாளம் போட்டார்கள். மேஸ்திரி என் குடையைப் பிள்ளையாருக்குப் பிடித்தார். போஸ்டாபீஸ் மணியடித்தார். பிள்ளையாரைச் சுமந்தவள் தங்கை. பலகையில் வைத்ததும் அந்த மாட்டுக் கயிற்றை அவர் காலடியில் சுருட்டி வைத்தாள். அதை யாரும் எடுக்கவில்லை.

இதெல்லாம் நடந்து எத்தனையோ காலமாகிவிட்டது. இப்போது நான் இருக்கும் ஊரில் கிணறு வற்றி, குழாயில் காற்றுதான் வருகிறது. போன வாரம் எங்கள் வீட்டுச் சின்னப் பிள்ளையாரை எடுத்துத் தெருப் பக்கத்து ஜன்னலில் வைத்தேன். யாராவது கையை விட்டு எடுத்துக்கொண்டு போய்விடுவார்களே என்றாள் மனைவி. அந்த மனிதர் இருந்தால் இதற்குள் எடுத்திருப்பார் என்றேன். யார் என்று அவள் கேட்கவில்லை. இந்தக் கதையை என்னிடம் எத்தனையோ முறை கேட்டவள். விளக்கை அணைத்துவிட்டு, ஜன்னலை மட்டும் சாத்தாமல் விட்டுப் போனாள்.