காளவாசலில் நின்ற மஞ்சள் கொடி

உயிரே போனாலும் ஞாயிற்றுக்கிழமை அல்வாவை விடுவதில்லை என்று போன சித்திரையில் ஒரு வீர சபதம் செய்தேன். மனசுக்குள்ளேதான். வாய்விட்டுச் செய்யும் அளவுக்கு எனக்குக் கல்யாணமாகாமல் இல்லை.

எல்லாவற்றுக்கும் காரணம் டாக்டர். "முத்திருளன், உம்ம உடம்பில் சர்க்கரை சேர்ந்திருக்கு. தேகப்பயிற்சி செய்யும். சீனியை அடியோடு விட்டுவிடும்" என்றார். என் மனைவியின் பெயர் சீனியம்மாள். எந்தச் சீனியை என்று கேட்க வாய் வரை வந்தது. அவள் பக்கத்திலேயே நின்றதால் விழுங்கிவிட்டேன்.

அன்றைக்கே வீட்டில் கருப்பட்டி தலைமறைவாகிவிட்டது. பாகற்காய் குடியேறியது. இனி எனக்கு மிச்சமிருந்தது காளவாசல் மொக்கையன் கடை அல்வா ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு அவன் சட்டியை இறக்குவான். தாலுகா ஆபீசில் வாரம் ஆறு நாள் நான் பேனா பிடிப்பதே அந்த மூன்று மணிக்காகத்தான். ஆனால் அரசரடி வீட்டிலிருந்து காளவாசலுக்குத் தனியாகப் போவது எப்படி? நடக்கப் போகிறேன் என்றால் சீனியம்மாளும் கூடவே கிளம்புவாள்.

அப்போதுதான் நைனா முகமது கைகொடுத்தான். என் பள்ளித் தோழன். சைக்கிள் கடை வைத்திருக்கிறான்.

"மாப்ள, இந்த வண்டியில படுத்துக்கிட்டே போகலாம்."

"படுத்துக்கிட்டா?"

"சாய்வு நாற்காலியில சாயிற மாதிரி சாஞ்சுக்க வேண்டியது. காலை முன்னால நீட்டி மிதிக்க வேண்டியது. முன்னால ரெண்டு சக்கரம், பின்னால ஒண்ணு. கவுந்து விழவே மாட்ட."

"எத்தனை பேர் போகலாம்?"

"ஒருத்தர்தான்."

அந்தப் பதிலிலேயே எனக்கு வண்டி பிடித்துப்போயிற்று. ரயில்வே துரை ஒருவர் இங்கிலீஷ் பத்திரிகையில் வந்த படத்தைக் காட்டிச் செய்யச் சொன்னாராம். செய்து முடிப்பதற்குள் அவருக்கு மாற்றலாகிவிட்டது. கடையில் இடத்தை அடைத்துக்கொண்டு கிடந்ததை, தேகப்பயிற்சிக்கு ஆகும் என்று நைனா என் தலையில் கட்டிவிட்டான்.

முதல் ஞாயிறு கிளம்பினேன். மல்லாந்தபடி, கால் இரண்டும் முன்னே, வெயிலுக்குப் பாதி மூடிய கண், மார்பு வரை போர்த்திய வெள்ளைத் துண்டு. காப்பிக் கடையில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். தாலுகா ஆபீஸ் குமாஸ்தாவுக்கு இவ்வளவு மரியாதையா என்று எனக்கே கூச்சமாக இருந்தது. ஒரு பெரியவர் தலைப்பாகையைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பக்கத்து ஆளிடம் கேட்டார்.

"பாவம், யாருப்பா? எம்புட்டு வயசிருக்கும்?"

"நாப்பத்திரெண்டு" என்றேன் நான்.

பெரியவர் ஓடிய ஓட்டத்தை டாக்டர் பார்த்திருக்க வேண்டும். அதுதான் தேகப்பயிற்சி.

கொஞ்சதூரம் போவதற்குள் எதிரே ஒரு கட்டை வண்டி. வண்டிக்காரனுக்கு நான் இருப்பதே தெரியவில்லை. மாட்டுக்குத் தெரிந்தது. அது என் நெற்றியை ஒரு நக்கு நக்கிவிட்டு ஒதுங்கியது. அல்வா சாப்பிடாமலே வீடு திரும்பினேன். எனக்கு முன்னால் செய்தி திரும்பியிருந்தது.

"நீங்க போயிச் சேந்துட்டதா தெருவே பேசுது. நீங்க என்னடான்னா வந்து மோர் கேக்குறீங்க" என்றாள் சீனியம்மாள்.

"அவங்களுக்குக் கண்ணு அவிஞ்சுபோச்சா?"

"அவங்களைச் சொல்லி என்ன? முழங்கால் உசரத்துல போனா வண்டிக்காரன் என்னத்தைக் கண்டான்? பூசணிக்காய்னு மேல ஏத்திட்டுப் போயிருவான்."

"அப்ப ஓட்ட வேணாங்கிறியா?" என்றேன், அல்வாவை நினைத்து.

"ஓட்டுங்க. ஒடம்புக்கு நல்லதுன்னு டாக்டரே சொல்லியிருக்காரு. ஆனா பத்திரமா ஓட்டணும்."

என்ன அன்பு! உருகிப்போனேன். அவள் ஒன்பதடி மூங்கிலை வண்டியின் பின்னால் கட்டினாள். உச்சியில் தன் பழைய மஞ்சள் சுங்குடிப் புடவையைக் கிழித்துக் கொடியாக்கினாள். சிவப்பு வேண்டாமாம், மாட்டுக்கு ஆகாதாம். பிறகு சட்டதிட்டங்கள் பிறந்தன. கண்ணை மூடக் கூடாது. துண்டைப் போர்த்தக் கூடாது. மணியை நிறுத்தாமல் அடிக்க வேண்டும். முக்கியமாக, மாட்டுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு போகக் கூடாது. மாடு வாலைத் தூக்கினால் என் தலை எந்த மட்டத்தில் இருக்கும் என்பதையும் கையால் அளந்து காட்டினாள்.

அடுத்த ஞாயிறு ஒரு போலீஸ்காரர் வழிமறித்தார்.

"என்னய்யா கொடி இது? எந்தக் கட்சி?"

"சீனியம்மாள் கட்சிங்க."

"யார் அது?"

"என் சம்சாரம்."

அவரும் கல்யாணமானவர் போலிருக்கிறது. தோளைத் தட்டி அனுப்பிவிட்டார். மொக்கையன் கடை வாசலில் வண்டியை நிறுத்தி, இலையில் நெய் சொட்டச் சொட்ட இரண்டு கட்டி அல்வா சாப்பிட்டேன். வாழ்க்கை மறுபடி இனித்தது.

"எங்கிட்டுப் போயிட்டு வாரீங்க?" என்றாள் வீட்டுக்கு வந்ததும்.

"நாகமலை ரோட்டுல ரொம்பத் தூரம். காலு கழண்டுபோச்சு."

"அப்படியா? கொடி காளவாசலைத் தாண்டலையே?"

நான் குனிந்து செருப்பைக் கழற்றினேன்.

"மாடியில வத்தல் காயப்போட்டுட்டுப் பாத்துக்கிட்டே இருந்தேன். இங்கேயிருந்து மலை வரைக்கும் ஒரே பொட்டல்தானே? மஞ்சள் பளிச்சுன்னு தெரியுது. மொக்கையன் கடை வாசல்ல அரை மணி நேரம் அசையாம நின்னுச்சு. சக்கரம் எதுவும் மக்கர் பண்ணுதோன்னு பயந்தே போயிட்டேன். இப்பத்தான் நிம்மதியாச்சு. மீசையில நெய்யைத் துடைங்க."

அந்தக் கொடி எந்த வண்டிக்காரனுக்காகக் கட்டப்பட்டது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவிழ்க்கவும் முடியாது. கொடி இல்லையென்றால் வண்டி இல்லை. வண்டி இல்லையென்றால் அல்வா இல்லை. மூன்று நாள் ஆபீஸ் வேலையை விட்டுவிட்டு யோசித்தேன். மாடியிலிருந்து கொடிதானே தெரிகிறது, முகமா தெரிகிறது?

"நைனா, காளவாசல்ல நான் இறங்கிக்கிறேன். நீ ஏறி நாகமலை ரோட்டுல ரெண்டு மைல் போயிட்டு வா."

"அதுக்கென்ன மாப்ள? காத்தாட ஒரு சவாரி."

அடடா, அந்த இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள்! கொடி மேற்கே பறந்தது. நான் உள்பெஞ்சில் உட்கார்ந்து அல்வாவை அவசரமில்லாமல் சாப்பிட்டேன். மீசையைச் சீயக்காய் போட்டுக் கழுவினேன். வீட்டுக்கு வந்து முனகிக்கொண்டே காலை நீட்டினேன். சீனியம்மாள் வெந்நீர் ஒத்தடம் கொடுத்தாள். அப்போது மட்டும் எனக்குக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் ஒத்தடம் சுகமாக இருந்ததால் பொறுத்துக்கொண்டேன்.

மூன்றாவது ஞாயிறு. இரண்டாவது இலை வந்துவிட்டது. மொக்கையன் என் தலைக்கு மேலாக வாசலைப் பார்த்தான்.

"அண்ணே, அக்காவுக்கும் ஒரு இலை போடவா?"

"எந்த அக்கா?"

திரும்பினேன். சீனியம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எதிர்பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"கொடி... கொடி நாகமலைப் பக்கம்தானே போகுது?" என்று உளறினேன்.

"போகுது. நிக்காம போகுது."

"நிக்காமப் போனா நல்லதுதானே?"

"நம்ம வீட்டு மாடிப்படி ஏற நீங்க மூணு தடவை நிப்பீங்க. அந்தக் கொடி ஒரே மூச்சுல ரெண்டு மைல் போகுது. அது நீங்களா?"

"எப்பத் தெரியும்?"

"மொத வாரமே."

"அப்புறம் எதுக்கு ஒத்தடம் குடுத்த?"

"வலியே இல்லாம அம்புட்டு அழகா முனகுனீங்க. இன்னொரு தடவை கேக்கணும்போல இருந்துச்சு."

மொக்கையன் அடுப்பைப் பார்ப்பதுபோல் திரும்பிக்கொண்டான். அவன் முதுகு குலுங்கியது. சீனியம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. என் இலையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"மாடு முட்டும்னு ஒரு பயம்னா, இந்த இலை எனக்கு இன்னொரு பயம். அதுக்குக் கொடி கட்டலாம். இதுக்கு நான் எதைக் கட்ட? எனக்குன்னு இருக்கிறது நீங்க ஒரு ஆளுதானே?"

தாலுகா ஆபீசில் எந்தக் கேள்விக்கும் தயாராகப் பதில் வைத்திருப்பவன் நான். இதற்கு, விரலில் ஒட்டியிருந்த நெய்யைத் துண்டில் துடைத்துக்கொண்டு எழுந்தேன்.

"சரி, கிளம்புவோம். வண்டி வரட்டும்" என்றேன்.

"அது நைனா அண்ணன்கிட்டயே இருக்கட்டும். அவரு நல்லா ஓட்டுறாரு. நாம நடப்போம். ரோட்டுல அதைவிடப் பத்திரம் எதுவும் இல்ல."

இப்போது ஞாயிறுதோறும் நாங்கள் இருவரும் காளவாசல் வரை நடந்துபோகிறோம். என் சர்க்கரை இறங்கிவிட்டதாக டாக்டர் சொல்கிறார். மொக்கையன் ஒரே ஒரு இலை போடுகிறான். அதைச் சீனியம்மாள் சாப்பிடுகிறாள். எப்படி இருக்கிறது என்று கேட்டுக்கொள்ள எனக்கு அனுமதி உண்டு.