திரும்பி வர வேண்டிய சாய்வு நாற்காலி

அன்று முத்தாண்டிக்குப்பத்துப் புது வீட்டில் இருந்தவர்கள்: நான், என் மனைவி ஜானகியம்மாள், மகள் சரிதா, கணபதி ஹோமம் செய்ய வந்த ஐயர், சமையலுக்கு மூன்று பேர், ஜானகியின் உறவில் இருபத்திரண்டு பேர், என் உறவில் ஒன்பது பேர், நெய்வேலியில் எங்கள் பிளாக்கிலிருந்து ஏழு குடும்பங்கள். இது போக, ஒரு பசு, ஒரு கன்று. பசுவை ஆள் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று சரிதா சொன்னாள். சேர்த்திருக்கலாம். அன்று என்னைப் பரிதாபமாகப் பார்த்தது அது ஒன்றுதான்.

காலையிலிருந்து நான் வாசலை விட்டு நகரவில்லை. அந்த ஏழு குடும்பங்களுக்காகக் காத்திருந்தேன். குடும்பத்துக்கு ஒரு சாமான் கொண்டுவருவார்கள். ஏழும் என்னுடைய சாமான்கள். என்னுடைய சாமான் எனக்கே பரிசாக வருவது எப்படி என்பதைக் கொஞ்சம் முன்னாலிருந்து சொல்ல வேண்டும்.

நான் சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் பார்க்கும் வேலையில் இருந்தவன். இரண்டாயிரத்துப் பதினாலில் ரிட்டையர் ஆனேன். பெல்ட் ஓடிக்கொண்டே இருக்கும். நிலக்கரி போய்க்கொண்டே இருக்கும். நின்று பார்ப்பவனுக்கு இரண்டே வழி. தூங்கலாம், மெமோ வரும். கண்ணைத் திறந்துகொண்டே கனவு காணலாம், மெமோ வராது. நான் இரண்டாவது வழியில் வேலை பார்த்து நல்ல பெயரோடு வெளியே வந்தேன்.

என் கனவில் வருவதெல்லாம் மரச் சாமான்கள். டவுன்ஷிப்பில் மாதக் கடைசி வந்தால் யாராவது ரிட்டையர் ஆவார்கள். குவார்ட்டர்ஸைக் காலி செய்வார்கள். வாசலில் லாரி நிற்கும். லாரியில் இடம் கிடைக்காத சாமான்கள் சாலையோர மரத்தடியில் நிற்கும். கால் உடைந்த மேசை, கண்ணாடி போன டிரெஸ்ஸிங் டேபிள், ஒரு பக்கம் சாய்ந்த புத்தக அலமாரி. பள்ளிக்கூடம் விட்ட பிறகும் அழைத்துப்போக ஆள் வராத பிள்ளைகள் மாதிரி அவை நிற்கும். அதைப் பார்த்துவிட்டு என்னால் சைக்கிளை மிதிக்க முடியாது. கேரியரில் கட்டிக்கொண்டு வந்துவிடுவேன்.

பின்பக்கம் முருங்கை மரத்தடியில் போட்டு உப்புத்தாளால் தேய்ப்பேன். மேலே பச்சைப் பெயின்ட் இருக்கும். தேய்க்கத் தேய்க்க அடியில் நீலம் வரும். அதற்கும் அடியில் ஒரு பழுப்பு. எங்கள் சுரங்கமும் அப்படித்தான். மேலே செம்மண், அடியில் களி, மணல், கடைசியில்தான் சரக்கு. பழுப்பும் போன பிறகு தேக்கு மெல்லக் கண்ணைத் திறக்கும். மரத்தூள் வெயிலில் மிதக்கும். அந்த வாசனையில் நான் கையை நிறுத்திவிடுவேன். இந்த மேசையில் யார் கணக்குப் பாடம் எழுதியிருப்பார்கள், இந்தக் கண்ணாடிச் சட்டத்தின் முன்னால் எந்தப் பெண் பூ வைத்துக்கொண்டிருப்பாள் என்று நினைத்துக்கொண்டே போவேன். கொடியில் காயும் துணியெல்லாம் யாரோ எனக்குக் கையசைப்பது போலத் தெரியும். ஜானகி வந்து, ரேஷன் கடை மூடிவிட்டது என்பாள்.

ஏழு சாமான்களிலும் என் உயிர் சாய்வு நாற்காலியில்தான் இருந்தது. நீண்ட கை வைத்தது. துணி கிழிந்து, எலும்பும் தோலுமாக, தோலும் இல்லாமல் எலும்பாகவே வந்தது. பண்ருட்டிப் பழைய இரும்புக் கடையில், ஏலத்தில் எடுத்த கன்வேயர் பெல்ட் துண்டு ஒன்று கிடந்தது. ரப்பரை உரித்துவிட்டு உள்ளே இருந்த கெட்டித் துணியை வாங்கி வந்து மாட்டினேன். யானை உட்கார்ந்தாலும் கிழியாது. யானை எழுந்திருக்கவும் முடியாது. நைட் ஷிப்ட் முடிந்து வந்து அதில் சாய்ந்தால், ஜன்னல் வழியாக அனல்மின் நிலையத்துப் புகை வெள்ளையாகப் போகும். அது மேகமாகும். நாற்காலி படகாகும். நான் துடுப்புக்கூடப் போடாமல் போய்க்கொண்டே இருப்பேன்.

ஜானகி கனவு காண்பவள் அல்ல. இடித்துக்கொள்பவள். அவள் கால் சுண்டுவிரலுக்குத் தெரியாத மேசைக்கால் எங்கள் வீட்டில் கிடையாது. காலி செய்ய வேண்டிய மாதம் நெருங்கியபோது ஒரு நாள் இடுப்பில் கை வைத்து நின்றாள்.

“ஏங்க, இதுல எதெல்லாம் புது வூட்டுக்கு வருது?”

“எல்லாம்தான்.”

“எதுவும் வர்ல.”

“சாய்வு நாற்காலி மட்டுமாவது...”

“முப்பது வருசமா இந்த வூட்டுக்குள்ள நான் பக்கவாட்டுல நடந்துகினு இருக்கேன். நண்டு என்னைப் பாத்தா சொந்தம் கொண்டாடும். புது வூட்டுலயாச்சும் நேரா நடக்கணும். கைய விரிச்சா செவுரு படணும், அலமாரி படக் கூடாது. யாருக்காச்சும் குடுத்துடுங்க. நல்ல மனசோட குடுங்க.”

நான் தலையாட்டினேன். அவளிடம் நான் பேசியதைவிடத் தலையாட்டியதுதான் அதிகம். ஆனால் அன்று தலை மேலும் கீழும் ஆடும்போதே உள்ளே ஒரு யோசனை சுற்றத் தொடங்கிவிட்டது.

பக்கத்துக் குவார்ட்டர்ஸ் இசக்கிமுத்துவை டீக்கடைக்கு அழைத்துப் போனேன். திருநெல்வேலிப் பக்கத்து ஆள். என் ஷிப்டில்தான் இருந்தார். விஷயத்தைச் சொன்னேன். சாமான்களை ஏழு வீட்டுக்கும் ஒவ்வொன்றாகக் கொடுத்துவிடுவேன். ஜானகி நிம்மதியாக இருப்பாள். கிரகப்பிரவேசத்தன்று அவரவர் அதையே பரிசாகத் தூக்கி வர வேண்டும்.

“மைனி பாத்த உடனே கண்டுபிடிச்சிருவாவளே, அண்ணாச்சி.”

“கண்டுபிடிக்கட்டும். மஞ்சள் குங்குமத்தோடு சபையில் வந்ததை யாராவது வாசலோடு திருப்பி அனுப்புவார்களா?”

இசக்கிமுத்து டீயைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார். “இந்த மூளைய பெல்ட்டு பாக்க விட்டுட்டாங்களே” என்றார். எனக்குக் கூச்சமாகிவிட்டது. ஆனாலும் இன்னொரு முறை சொன்னால் கேட்கலாம் போலத்தான் இருந்தது.

கட்டில் ராஜேந்திரன் வீட்டுக்குப் போனது. புத்தக அலமாரி குழந்தைவேல் வீட்டுக்கு. மற்ற நான்கும் மற்ற நான்கு வீடுகளுக்கு. சாய்வு நாற்காலியை வேறு யாரையும் நம்பிக் கொடுக்க முடியாது, இசக்கிமுத்துவிடமே கொடுத்தேன். எல்லோருக்கும் ஒரே கண்டிப்புத்தான். யாரும் உபயோகிக்கக் கூடாது. கட்டிலில் படுக்கக் கூடாது, மேசையில் சூடான பாத்திரம் வைக்கக் கூடாது. போர்வை போர்த்தி வைக்க வேண்டும். சாயங்காலம் நடக்கப் போவதாகச் சொல்லிவிட்டு ஏழு வீட்டுக்கும் போய்ப் போர்வையைத் தூக்கிப் பார்த்துவிட்டு வருவேன். ஆஸ்பத்திரியில் சொந்தக்காரரைப் பார்த்துவிட்டு வருவது போல இருக்கும்.

ஜானகிக்கு முகம் மலர்ந்துவிட்டது. நான் கேட்காமலேயே சாயங்காலம் வாழைக்காய் பஜ்ஜி வந்தது. இப்படிப்பட்டவளை ஏமாற்றுகிறோமே என்று இருந்தது. பஜ்ஜி தீரும்வரை இருந்தது.

கிரகப்பிரவேசத்துக்கு முந்தைய நாள் புது வீட்டில் தனியாக நின்றேன். சுண்ணாம்பு ஈரம் வாசனை அடித்தது. வெயில் ஜன்னல் கம்பியோடு உள்ளே வந்து தரையில் படுத்திருந்தது. சாக்பீஸ் எடுத்து ஒவ்வொரு சாமானுக்கும் தரையில் இடம் குறித்தேன். இங்கே கட்டில். இங்கே அலமாரி. கிழக்கு ஜன்னலோரம் சாய்வு நாற்காலி. அங்கே சாய்ந்தால் எதிர்க்கொல்லையின் முந்திரி மரங்கள் தெரியும். கோட்டுக்குள் உட்கார்ந்தே பார்த்தேன். முந்திரித் தோப்பு அசைந்தது. வீடும் மெல்ல அதோடு அசைந்து கிளம்பியது. சரிதா வந்து எழுப்பினாள்.

மறுநாள் விடிந்து போய்ப் பார்த்தால் என் கோடுகள் ஒன்றையும் காணோம். அதன் மேலேயே ஜானகி மாக்கோலம் போட்டிருந்தாள். கட்டில் இருந்த இடத்தில் தாமரை. நாற்காலி இருந்த இடத்தில் இரண்டு மயில். யாரோ பிள்ளைகள் கிறுக்கி வைத்திருந்ததாகச் சொன்னாள். எந்தப் பிள்ளை என்று கேட்கவில்லை.

முதலில் ராஜேந்திரன் வந்தான், மனைவியோடு. கட்டிலைக் காணோம். கையில் ஒரு சதுரமான பெட்டி. கட்டில் பின்னால் டெம்போவில் வருகிறது போலும் என்று சாலையைப் பார்த்தேன். ஒரு ஆட்டுக்குட்டி வந்தது. ராஜேந்திரன் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான். கண் கலங்கியிருந்தது. “மறக்க மாட்டோம்ணே” என்றான். சரிதா பெட்டியைப் பிரித்தாள். சுவர்க் கடிகாரம்.

அடுத்து குழந்தைவேல். அவனும் கையைப் பிடித்தான். அவனுக்கும் கண் கலங்கியது. கடிகாரம். மூன்றாவது குடும்பம், கடிகாரம். நான்காவது, ஐந்தாவது, ஆறாவது, எல்லாம் கடிகாரம். ஒன்றில் மயில், ஒன்றில் முருகன், ஒன்றில் எந்த ஊர் என்று தெரியாத ஒரு அருவி. நான் எல்லோருக்கும் சிரித்தேன். அந்தச் சிரிப்போடு என்னை யாரும் போட்டோ எடுக்கவில்லை என்பது ஒரு ஆறுதல்.

இருந்தாலும் இசக்கிமுத்து வர வேண்டியிருந்தது. யார் என்ன செய்தாலும் அவர் செய்ய மாட்டார். லோடு ஆட்டோ ஒன்று வந்து நின்றது. பின்னால் பழைய போர்வை சுற்றிய உயரமான ஒன்று. போர்வை எங்கள் வீட்டுப் போர்வை. என் நெஞ்சு கன்வேயர் மாதிரி ஓடியது. இரண்டு பேர் தூக்கி உள்ளே வைத்தார்கள். இசக்கிமுத்து போர்வையை விலக்கினார். சுவரில் மாட்டும், பெண்டுலம் வைத்த பெரிய கடிகாரம்.

பிறகு அவர் சபையைப் பார்த்து நின்றார். பேசத் தெரியாத மனிதர்; அன்று பேசினார்.

“அண்ணாச்சி மாதிரி ஒரு மனுசர நான் பாத்ததில்ல. கையால தேய்ச்சுத் தேய்ச்சு உசுரு குடுத்த சாமானெல்லாம் ஏழு வீட்டுக்கும் தூக்கிக் குடுத்துட்டாரு. குடுத்தவன்னு நாலு பேரு சொல்லிரக் கூடாதுன்னு, ‘திருப்பிக் கொண்டாங்க’ன்னு ஒரு கதையும் கட்டி விட்டாரு. மைனி சொல்லலைன்னா நாங்க நெசம்னே நம்பி, தூக்கிட்டு வந்து அவர நோகடிச்சிருப்போம். எனக்கு நைட் ஷிப்ட் பாத்துப் பாத்து பகல்ல தூக்கமே கெடயாது. ஒரு வாரமா அந்த நாற்காலிலதான் தூங்குதேன். நல்லா இருக்கணும் அண்ணாச்சி.”

எல்லோரும் கைதட்டினார்கள். கிரகப்பிரவேசத்தில் இப்படி ஒரு தானம் ஏழு தலைமுறைக்கு விசேஷம் என்றார் ஐயர். ஜானகியின் உறவு இருபத்திரண்டும் முதல் முறையாக என்னை நிமிர்ந்து பார்த்தது. எனக்கு நாலு பேர் பார்த்தாலே வேர்க்கும். கையைக் கூப்பினேன். தலையாட்டினேன். வேறு என்ன செய்ய? நன்றாகத் தூங்கும் மனிதனிடமிருந்து படுக்கையை எப்படிப் பிடுங்குவது?

பந்தி முடிந்து எல்லோரும் கிளம்பினார்கள். பசுவும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனது. எப்படித் தெரிந்தது என்று ஜானகியைக் கேட்டேன்.

“ராஜேந்திரன் வூட்டுக்கு வெத்தல பாக்கு வெக்கப் போனேன். கட்டிலு போர்வை போத்திகினு இருக்குது. குடும்பமே தரையில படுத்துகினு இருக்குது. குழந்தைவேல் வூட்டுல அலமாரிக்குப் போர்வை. அலமாரிக்கு இன்னாங்க குளிரு?”

“அதற்காகப் பொய் சொல்வதா?”

“இன்னா பொய்? எங்க வூட்டுக்காரரு கூச்ச சுபாவம், நல்ல மனசு, கொண்டாந்துட்டீங்கன்னா ஒடஞ்சி போயிடுவாருன்னேன். அத்தன பொம்பளைங்களும் அழுதுட்டாங்க. நல்ல மனசு இல்லன்னு சொல்றீங்களா?”

கடிகாரம் எப்படி ஏழு வந்தது என்றேன்.

“வெறுங்கையோட வர மாட்டோம், இன்னா வாங்கட்டும்னு கேட்டாங்க. தரைய அடைக்காததா, செவுத்துல மாட்டறதா பாத்து வாங்குங்கன்னேன்.”

பிறகு அவள் கூடத்தின் நடுவில் போய் நின்றாள். ஒரு சுற்று சுற்றிப் பார்த்தாள். முந்தானையை விரித்துத் தாமரைக்கும் மயிலுக்கும் நடுவில் மல்லாந்து படுத்தாள். இரண்டு கையையும் நீட்டினாள். எதிலும் இடிக்கவில்லை. அவள் முகத்தில் அப்படி ஒரு மிதப்பை நான் பார்த்ததே இல்லை. மேல்கூரையில் என்னத்தையோ பார்த்துச் சிரித்தாள். அவளுக்கும் ஒரு படகு இருக்கிறது, இத்தனை நாள் அதை விடத் தண்ணீர்தான் இல்லை என்று தோன்றியது.

அந்த மிதப்பிலேயே தலைமாட்டிலிருந்து ஒரு பொட்டலத்தை என் பக்கம் தள்ளினாள். ஆணிகள். எண்ணினேன், பத்து. சமையல்காரர்கள் விட்டுப்போன ஸ்டூலில் ஏறி ஒவ்வொரு கடிகாரமாக மாட்டினேன். மயிலும் முருகனும் அருவியும் ஆளுக்கொரு நேரம் காட்டின. எல்லாம் சேர்ந்து ஓடும் சத்தம், தூரத்தில் பெல்ட் ஓடுவது போலவே இருந்தது. ஸ்டூலையும் சமையல்காரர் வந்து எடுத்துக்கொண்டு போனார். நான் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தேன்.

ஏழு கடிகாரத்துக்குப் பத்து ஆணி எதற்கு என்று கேட்டேன்.

“உங்க ஷிப்டுல லீவு கெடைக்காதவங்க மூணு பேரு ஞாயித்துக்கெழம வராங்க” என்றாள் கண்ணைத் திறக்காமல். “அவங்களும் இன்னா வாங்கட்டும்னு கேட்டாங்க.”

மீதி, ஆணி மூன்று.