கோல் சக்கரில் ஒரு வேர்பிடுங்கி

வேர்பிடுங்கி என்று ஓர் இனம் உண்டு. நீங்கள் பார்த்திருப்பீர்கள், பார்த்ததும் எதிர்ப்பக்கமாக நடையைக் கட்டியிருப்பீர்கள். வாய் தவறி ஒரு சொல்லைச் சொல்லிவிட்டால் போதும், அதை உங்கள் நாக்கிலிருந்தே பிடுங்கி, எந்த நாட்டில் பிறந்தது, எந்த மொழியில் தவழ்ந்தது, எந்தக் கப்பலில் ஏறி இங்கே வந்து இறங்கியது என்று ஜாதகம் கணித்துக் கையில் கொடுத்துவிட்டுத்தான் மூச்சு விடுவார். நீங்கள் சொல்ல வந்த விஷயம்? அது யாருக்கு வேண்டும்?

சரோஜினி நகர் அரசுக் குடியிருப்பில் வசித்த வைத்தி இந்த இனத்தில் உயர்ந்த ரகம். லோதி ரோடு அலுவலகத்தில் செக்‌ஷன் ஆபீசர். அவர் மேஜையில் ஃபைல் நகராது. ஃபைல் என்ற சொல் மட்டும் லத்தீன் வரை போய்த் திரும்பிவரும். வீட்டில் அவர் மனைவி ருக்கு உப்பு, புளி தவிர வேறு எதையும் பெயர் சொல்லிக் கேட்பதையே விட்டுவிட்டாள். விரலை நீட்டிக் காட்டுவாள்.

தொண்ணூறுகளின் அந்தக் கோடையில் அவர் கையில் சிக்கிய வேர் 'சர்க்கிள்'. வட்டம் என்று குழந்தைகூடச் சொல்லும் சமாசாரம். வைத்தி விடுவாரா? லத்தீனில் 'சிர்க்குலுஸ்', அதாவது சின்ன வளையம். பெரிய வளையம் 'சிர்க்குஸ்'. அதற்கும் முன்னால் கிரேக்கத்தில் இன்னொரு வளையம். ஆகவே, யானை முக்காலியில் உட்காரும் சர்க்கஸும், சிநேகிதர்கள் கூடும் சர்க்கிளும், டெலிபோன் இலாகாவின் டில்லி சர்க்கிளும், கனாட் சர்க்கஸும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். இதுவரை அகராதி சொன்னது. இனிமேல் வைத்தி சொன்னது: "எல்லாத்துக்கும் ஆதி நம்ம 'சுருள்'தான். வெள்ளைக்காரன் கமுக்கமா அமுக்கிண்டுட்டான்."

மாடி வீட்டு அல்போன்சா நர்ஸ். நைட் டியூட்டி முடிந்து வந்தவள், "தூக்கமே இல்ல சார், கண்ணுக்குக் கீழ டார்க் சர்க்கிளே விழுந்துட்டு" என்று தெரியாத்தனமாகச் சொல்லிவிட்டாள். பால்காரன் வந்து போனான், பேப்பர்காரன் வந்து போனான், அவள் படியிலேயே நின்றாள். சர்க்கிள் இன்னும் கறுத்தது.

இதெல்லாம் ருக்குவுக்குப் பழகிப்போனதுதான். ஆனால் அந்த மே மாதம் அவளுடைய ஒரே தம்பி ஜெயராமுக்குக் கும்பகோணத்தில் கல்யாணம். தாலியில் முதல் முடிச்சை மாப்பிள்ளை போடுவான். மற்ற இரண்டையும் நாத்தனார் போட வேண்டும். கூடப் பிறந்தவள் ருக்கு ஒருத்திதான். அவள் போய்ச் சேராவிட்டால் அந்த இடத்துக்குப் பெரியப்பா பெண் விஜயலக்ஷ்மி தயாராக இருந்தாள். எஸ்.டி.டி.யில் கூப்பிட்டு, "அவ்ளோ தூரம் அலைஞ்சுண்டு வரணுமேடி, முடியலேன்னா சொல்லு, முடிச்சை நான் போட்டுடறேன்" என்று தேனாகப் பேசியிருந்தாள். அந்தத் தேனை நினைக்கும்போதெல்லாம் ருக்குவுக்கு வயிறு எரிந்தது. கோடை விடுமுறை வேறு. ஜி.டி. எக்ஸ்பிரஸைக் கோட்டை விட்டால் அடுத்த வண்டியில் நிற்கவும் இடம் கிடைக்காது.

"ஏன்னா, இன்னிக்கு ஒரு நாள் வாயைத் திறக்காம வாங்கோ" என்றாள் ருக்கு, ஸ்டேஷனுக்கு ஆட்டோவில் ஏறும்போதே.

"பிராமிஸ்" என்றார் வைத்தி. "பிராமிஸ்ங்கறது லத்தீன்ல..." என்று தொடங்கியவர், அவள் பார்த்த பார்வையில் நிறுத்திக்கொண்டார்.

ஆட்டோ, வழியில் ஒரு கோல் சக்கரை நெருங்கியது. நாலைந்து சாலைகள் வந்து கூடும் வட்டத்துக்கு டில்லியில் அதுதான் பெயர். "பஹாட்கஞ்ச் யா அஜ்மேரி கேட், சாப்?" என்றார் டிரைவர். ஸ்டேஷனுக்கு எந்த வாசல் வழியாகப் போக வேண்டும்? ஒரே சொல்லில் முடிகிற பதில். ஆனால் வைத்தியின் கண்ணில் அந்த வட்டம் பட்டுத் தொலைத்தது.

"பார்த்தியா ருக்கு, அசல் சர்க்கிள்! ஏக் மினிட், பையா. இதை லத்தீன்ல..."

ஆட்டோ ஒரு சுற்று வந்தது. சிர்க்குலுஸ் முடிந்து கிரேக்கத்துக்குள் நுழைந்தபோது இரண்டாவது சுற்று. போக்குவரத்துப் போலீஸ்காரர் திரும்பிப் பார்த்தார். சுருளைத் தொட்டபோது மூன்றாவது. ருக்கு டிரைவரின் தோளைத் தட்டி, "பஹாட்கஞ்ச், பையா! ஜல்தி! ஜல்தி!" என்று அலறினாள்.

ஸ்டேஷனில் கூலியாள் பெட்டியைத் தலையில் ஏற்றிக்கொண்டு பாலத்தைப் பார்த்து நடந்துவிட்டான். அப்போதுதான் டிரைவர் மீதிச் சில்லறையை நீட்டிக்கொண்டே கேட்டார்: "அச்சா சாப், ஃபிர் ஏ 'சக்கர்' கஹாங் ஸே ஆயா?" அப்படியானால் இந்தச் 'சக்கர்' எங்கிருந்து வந்தது?

கிண்டலாகக் கேட்டாரா, நிஜமாகவே கேட்டாரா, தெரியாது. வைத்தியின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! அலுவலகத்தில் கொட்டாவி விட்டார்கள், காலனியில் கதவைச் சாத்தினார்கள், பெற்ற பெண் மாதங்கியே "பஸ் கரோ அப்பா, போதும்" என்று காதைப் பொத்திக்கொள்வாள். ஆயுசில் முதல் தடவையாக ஒரு மனிதர் தாமாகவே கேட்கிறார். வைத்தி சில்லறையை வாங்காமலே 'சக்கர்' புராணத்தை ஆரம்பித்தார். ருக்குவுக்கும் பாவமாகத்தான் இருந்தது. நடுத்தெருவில் ஒரு மனுஷருக்கு இத்தனை சந்தோஷமா என்று ஒரு கணம் நின்றுவிட்டாள். ஆனால் ஸ்டேஷன் கடிகாரம் யாருக்கும் பாவம் பார்க்கவில்லை.

அவருடைய சட்டைப் பையில் கையை விட்டு டிக்கெட்டை எடுத்தாள். அவரும் பேச்சை நிறுத்தாமலே கையைச் சற்றுத் தூக்கி அவளுக்கு வசதி செய்து கொடுத்தார். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினாள். வண்டி நகர்ந்தபோது அவள் உள்ளே இருந்தாள்.

முகூர்த்தத்தில் மணப்பெண்ணுக்குப் பின்னால் நின்று தாலிச் சரட்டைப் பிடித்தபோது, விஜயலக்ஷ்மி காதருகே குனிந்து, "உங்காத்துக்காரர் எங்கேடி? வரலையா?" என்றாள்.

"டில்லிலதான். இன்னும் சுத்திண்டிருக்கார்" என்று சொல்லி, முடிச்சை நன்றாக இறுக்கினாள் ருக்கு.

இருக்கட்டும். உங்களை ஒன்று கேட்கிறேன். அவள் வண்டியைப் பிடித்துவிட்டாள் என்ற நிம்மதியைவிட, 'சக்கர்' எங்கிருந்து வந்தது என்பதற்கு வைத்தி சொன்ன பதிலை நான் எழுதவில்லையே என்பதுதான் உங்களை உறுத்துகிறதா? 'சுருளாவது மண்ணாவது, உண்மையில் அது...' என்று பக்கத்தில் இருப்பவரிடம் ஆரம்பித்தே விட்டீர்களா? தாராளமாகச் சொல்லுங்கள். அதற்கு முன்னால் உங்கள் சட்டைப் பையில் இருக்கும் ரயில் டிக்கெட்டை மட்டும் கூட வருகிறவரிடம் கொடுத்துவிடுங்கள்.