பக்கத்து மலைப் பெருமாள்

‘எனக்கு வழி தெரியாது’ என்று சொல்ல நான் கற்றுக்கொண்டது நாற்பது வயதுக்கு மேல்தான். இருபத்தாறு வயதில் எனக்குத் தெரியாத வழியே கிடையாது.

அறுபதுகளின் கடைசியில் ஒரு தை மாதம். எனக்குப் பெண் கொடுக்கலாமா என்று பார்க்க, பெண்ணின் அப்பா சின்ன காஞ்சிபுரத்துக்கு வந்திருந்தார். ரிட்டயரான அரசாங்க உத்தியோகஸ்தர் (எந்த இலாகா என்று கேட்கத் தோன்றவில்லை). பெண்ணின் போட்டோவைப் பார்த்ததிலிருந்து எனக்குத் தூக்கமே இல்லை. எப்படியாவது அவரை அசத்திவிட வேண்டும். பாலாற்றங்கரையில் இருக்கும் பெருமாள் மலைக்கு நானே அழைத்துப் போகிறேன் என்றேன். வருஷா வருஷம் உற்சவக் கூட்டத்தோடு போன மலைதான் (கால் கூட்டத்தோடு போகும், கண் சுண்டல்மேல் இருக்கும்).

பஸ்ஸிலிருந்து இறங்கியதும், இந்த மலைதானா என்று ஒருமுறை கேட்டார். கண்ணைக் கட்டிவிட்டாலும் வருவேன் என்றேன். பெருமாள் மலையில் செருப்புக் காலோடு ஏறக்கூடாதென்று அடிவாரத்திலேயே அவருடைய செருப்பையும் கழற்ற வைத்தேன். முகடு நெடுக முள். பாவம், மூன்று முறை உட்கார்ந்து பிடுங்கிப் போட்டார். கீழே ஒரு பக்கம் முழுக்கத் தண்ணீர் பளபளத்தது. பாலாறு எப்படிப் போகிறது பாருங்கள் மாமா என்று காட்டினேன். பாலாற்றில் அவ்வளவு தண்ணீர் தெரிந்தால் அது ஏரியாகத்தான் இருக்கும் என்பது காஞ்சிபுரத்துக் குழந்தைக்கும் தெரியும்.

உச்சியில் கோயிலைக் காணோம். நல்லவேளையாக, வெள்ளையடித்த ஒரு குட்டைக் கல் கண்ணில் பட்டது. அதன் தலையில் செதுக்கிய மூன்று கோடு, நாமம். வடகலையா தென்கலையா என்று சந்தேகம் வந்ததே தவிர, பெருமாள்தானா என்ற சந்தேகம் வரவில்லை. சுயம்பு மூர்த்தி, ரொம்பப் பழமை என்று அளந்தேன். துளசி மாலை சாத்தி, தேங்காய் உடைத்து, சாஷ்டாங்கமாக விழுந்து சேவித்தேன். எழுந்து பார்த்தால், அவர் கல்லுக்கு எதிர்ப்பக்கம் நின்றுகொண்டிருந்தார்.

“மாப்பிள்ளை, இந்தப் பக்கம் வந்து பாருங்கோ. நாமம் இல்லை, அம்புக்குறி. சர்வே கல். முப்பது வருஷம் முன்னால நானே நின்னு நட்டது.”

மலை மாறிப்போனது அவருக்கு அடிவாரத்திலேயே தெரியுமாம். பையன் எவ்வளவு தூரம் போகிறான் பார்க்கலாம் என்றுதான் முள்ளையும் பொறுத்துக்கொண்டு வந்தாராம். அவர் ஊருக்குக் கிளம்பியதும், கல்யாணம் போச்சு என்று அம்மாவிடம் அழாத குறையாக எல்லாவற்றையும் ஒப்பித்தேன்.

அம்மா நிதானமாகக் கேட்டாள். “அசடே, அவர் உன்னை என்னன்னு கூப்பிட்டார்?”

அப்போதுதான் உறைத்தது.

பத்து வருஷம் கழித்து ஒரு மனை வாங்கினோம். நான்கு மூலையிலும் எல்லைக் கல். என் மனைவி சிரிக்காமல் கேட்டாள்: “ஏன்னா, நாலு தேங்காய் போறுமா?”