தலைகீழாகத் தொங்கிய நிலக்கரி

ஒருவர் வேலை செய்வதை மூன்று மாதம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால், அந்த வேலை நமக்கும் தெரியும் என்று ஒரு நினைப்பு வந்துவிடும். எனக்கு அரபு எழுத்து அப்படித்தான் தெரிந்தது.

நெய்வேலியில் எங்கள் குவார்ட்டர்ஸுக்கு எதிர்வீடு ஃபரிதாவுடையது. கணவருக்கு மைன்ஸில் ஷிப்ட் வேலை. அவள் அரபு எழுத்துகளை ஓவியமாக்குகிறவள். ஆளுயரத் துணியைத் தரையில் விரித்து, சீவிய மூங்கில் பட்டையை மையில் தோய்த்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே இழுப்பு. பட்டை திரும்பும் இடத்தில் கோடு தடித்து, முடியும் இடத்தில் மயிரிழையாகும். ஓர் எழுத்தின் வயிறு சரியாக வரவில்லை என்று முழுத் துணியையும் சுருட்டி ஓரமாக வைத்துவிடுவாள். நான் கத்திரிக்காயைக் கையில் வைத்துக்கொண்டு வாய்பிளந்து பார்த்திருப்பேன்.

அவளுடைய முதல் கண்காட்சி எங்கள் பிளாக் சமூகக்கூடத்தில் நடந்தது. பாண்டிச்சேரியில் ஓவியக்கூடம் நடத்தும் ஓர் அம்மாள் பார்க்க வருவதாக ஏற்பாடு. அவருக்குப் பிடித்தால் அங்கே காட்சிக்கு வைப்பார். சட்டம் போடக் கொடுத்த கடைசிப் படத்தை வாங்க ஃபரிதா காலையிலேயே பண்ருட்டிக்குக் கிளம்பினாள்.

"மாலதிக்கா, நான் வர்ற வரைக்கும் அந்தப் பெரிய படத்த மட்டும் மாட்டாதீங்க."

(மாட்டினேன்.)

அந்த அம்மாள் ஒரு மணி நேரம் முன்பே வந்துவிட்டார். நேராகப் பெரிய படத்தின் முன் நின்று, "என்ன எழுதியிருக்கு?" என்று கேட்டார்.

"விதைங்க மேடம். கீழ இருக்கிற புள்ளிதான் விதை. மேல வளைஞ்சு போறது கொடி. அரபில வலமிருந்து இடமா படிக்கணும்." (கடைசி வாக்கியம் மட்டும் உண்மை.)

ஏணியில் நின்று விளக்கு மாட்டிக்கொண்டிருந்தார் எலக்ட்ரீஷியன் வேலு. சேத்தியாத்தோப்புக்காரர், கான்ட்ராக்ட் வேலை. அவர் கழுத்தை ஒரு பக்கமாகச் சாய்த்தார்.

"மேடம், படம் தலைகீழா இருக்குதுங்க."

"வேலு, இது மாடர்ன் ஆர்ட். நீங்க லைட்டப் பாருங்க."

"இல்லிங்க, புள்ளி மேல வரணும். எட்டு வருசம் சவுதில, தம்மாம்ல இருந்தங்க. நான் தங்கிகினு இருந்த வூட்டுக்குக் கீழயே கோழி சுடுற கடை. போர்டுல இந்தச் சொல்ல தெனம் பாப்பேன். கரின்னு அர்த்தங்க. கரியில சுட்ட கோழி."

"இவ்வளவு பெரிய ஓவியத்தப் போய்க் கோழிக்கடை போர்டுன்னு சொல்றீங்களே" என்று நான் குரலை உயர்த்திய நேரம், சட்டம் போட்ட படத்தோடு ஃபரிதா வாசலில் நின்றாள். சுவரைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"வேலு அண்ணன் சொல்றது சரிக்கா. ஃபஹம். நிலக்கரி. மையே நம்மூர் பழுப்புக் கரிதான், பிசின்ல குழைச்சது."

கரியை இடித்துச் சலிக்கச் சல்லடை கொடுத்ததே நான்தான். காது மடல்வரை சுட்டது.

வேலு இறங்கிவந்து படத்தைத் திருப்பி மாட்டினார். நான் கொடி என்று சொன்ன கோடு பூமிக்குள் இறங்கியது. அகன்ற வளைவு, வெட்டி எடுத்த சுரங்கம்போல் வாயைத் திறந்து கிடந்தது. மேலே தனியாக ஒரே ஒரு கரித்துண்டு. பிறந்ததிலிருந்து இந்த ஊரில் இருக்கிறேன். அன்றுதான் அதை முழுதாகப் பார்த்தமாதிரி இருந்தது.

"நடு எழுத்து ஒண்ணு மாறினா இதுவே 'புரிதல்'னு ஆயிடும் மேடம்" என்றாள் ஃபரிதா, என் பக்கம் திரும்பாமல்.

அந்த அம்மாள் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு, வெகுநேரம் அந்தப் படத்தின் முன்னாலேயே உட்கார்ந்திருந்தார். போகும்போது ஏழு படங்களைக் கேட்டார்.

இப்போது ஃபரிதாவின் ஓவியங்கள் ஷார்ஜாவரை போகின்றன. ஒவ்வொன்றின் முதுகிலும் மேல்நோக்கி ஓர் அம்புக்குறி; பக்கத்தில் தமிழில் என் பெயர், 'மாலதி'. ஃபரிதாவின் குறும்பு. ஒருமுறை ஒரு படத்தில் அம்புக்குறி அழிந்துபோக, ஷார்ஜாவில் யாரோ அந்தப் பெயரை 'மேல்பக்கம்' என்பதற்கான தமிழ்ச் சொல் என்று எண்ணி, "இந்தப் படத்துக்கு மாலதி எந்தப் பக்கம்?" என்று போனில் கேட்டார்களாம்.

என் கணவருக்கு இது போதாதா? போன மாதம் புது ஃப்ரிட்ஜைத் தூக்கிவந்தவர்களிடம், "பாத்து எறக்குங்க, மாலதி மேல இருக்கணும்" என்றார். கூப்பிடுகிறார் என்று நினைத்து நானும் சமையலறையிலிருந்து ஓடிவந்து நின்றேன்.