மார்ட்டினுக்கு வாங்கிய மாலை

புத்தகம் படித்துவிட்டு நான் நன்றாக அழுவேன். பெருமைக்காகச் சொல்லவில்லை. செல்வி அக்காவின் கல்யாணத்தையே அப்படி ஓர் அழுகையால் கெடுக்கப் பார்த்தவள் நான்.

ஏழாம் வகுப்பு படிக்கும்போது நூலகத்திலிருந்து ஒரு நாவல் எடுத்துவந்தேன். பனி பெய்கிற நாடு, ஒரு பையன், மார்ட்டின் என்ற கண் தெரியாத கிழட்டுக் குதிரை. உலகம் முழுக்கக் குழந்தைகள் தலைமுறை தலைமுறையாகப் படிக்கும் கதை என்று பின்னட்டையில் போட்டிருந்தது. (எனக்கென்னவோ எனக்காக மட்டும் எழுதின மாதிரி இருந்தது.) சங்கரன்கோவில் வெயிலில் உட்கார்ந்துகொண்டு பனிக்கு நடுங்கினேன். திருப்பிக் கொடுப்பேன், அதையே மறுபடி எடுப்பேன். கடைசியில் மார்ட்டின் செத்துப்போவான். ஒவ்வொரு தடவையும், இந்த முறை பிழைத்துவிடுவான் என்று நம்பித்தான் படிப்பேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அக்காவைப் பெண் பார்க்க மேலநீலிதநல்லூரிலிருந்து வருவதாக இருந்தது. ஏற்கெனவே வந்த இரண்டு வீட்டாரும் பஜ்ஜியைச் சாப்பிட்டுவிட்டு, தகவல் சொல்கிறோம் என்று போனவர்கள்தான். இந்த மாப்பிள்ளையின் போட்டோவை மட்டும் அக்கா தலையணை உறைக்குள் வைத்திருந்தாள். (எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள்.) வாசல்படியில் உட்கார்ந்திருந்து, வேன் வந்ததும் உள்ளே ஓடிப்போய்ச் சொல்வது என் வேலை. சும்மா உட்காருவானேன் என்று புத்தகத்தையும் எடுத்துக்கொண்டேன்.

வேன் வந்தபோது நான் கடைசி அத்தியாயத்தில் இருந்தேன். மூக்கு ஒழுகத் தேம்பிக்கொண்டிருந்த என்னைப் பார்த்து, முதலில் இறங்கிய மாப்பிள்ளையின் பெரியப்பா பதறிவிட்டார்.

"ஏன் மக்கா அழுத?"

"மார்ட்டின் செத்துட்டான்."

"ஐயையோ! எப்பம்?"

"இப்பத்தான்."

"சின்ன வயசா?"

"வயசாயிட்டு. கண்ணும் தெரியாது. பக்கத்துல ஒருத்தருமே இல்ல." சொல்லும்போதே எனக்கு அடுத்த அழுகை வந்துவிட்டது.

எங்கள் பக்கம் துட்டி வீட்டில், அதாவது சாவு விழுந்த வீட்டில், பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார்கள். கிளம்பும்போது சொல்லிக்கொள்ளவும் கூடாது. பெரியப்பா என் தலையைத் தடவிக்கொடுத்தார். எல்லோரும் சத்தமில்லாமல் திரும்ப வேனில் ஏறினார்கள். நான் மிச்சப் பக்கங்களைப் படித்தேன்.

கேசரிக் கரண்டியோடு அம்மா எட்டிப் பார்த்தாள். "ஏட்டி, வேன் வந்துட்டா?"

"வந்துச்சு. போய்ட்டாவ."

"போய்ட்டாவளா! என்னமும் சொன்னாவளா?"

"ஒண்ணும் சொல்லல."

வீட்டைப் பார்த்த மாத்திரத்திலேயே வேண்டாமென்று போய்விட்டார்கள் என்று முடிவாயிற்று. அப்பா புதுச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். அக்கா தலையிலிருந்த பூவைப் பிய்த்துப் போட்டுவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அவள் அழுவது வெளியே கேட்டது. அப்போதும் என் மண்டையில் எதுவும் உறைக்கவில்லை.

அரை மணி நேரத்தில் வேன் திரும்பி வந்தது. சம்பந்தம் பேச வந்த இடத்தில் துட்டி கேட்காமல் போனால் மரியாதையில்லை என்று, பூ மார்க்கெட்டுக்குப் போய் ஆளுயர ரோஜா மாலை வாங்கி வந்திருந்தார்கள். மாப்பிள்ளை அதை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, தலையைத் தொங்கப்போட்டபடி வாசலில் நின்றார்.

அப்பா பனியனோடு ஓடி வந்தார். "மாப்ள, இன்னும் பேசியே முடிக்கலியே. அதுக்குள்ள மாலையா?"

மாப்பிள்ளை முழித்தார். பெரியப்பா குரலைத் தாழ்த்தி, "மார்ட்டின எங்கன கிடத்தியிருக்கு?" என்றார்.

எல்லாத் தலைகளும் என் பக்கம் திரும்பின. நான் புத்தகத்தை நீட்டி, அட்டையிலிருந்த குதிரையைக் காட்டினேன்.

பெரியப்பா அட்டையை உற்றுப் பார்த்துவிட்டு, "மார்ட்டின்ங்கது குதிரையா!" என்று கத்திவிட்டார். பிறகு சாத்திய கதவுக்குப் பின்னாலிருந்து அக்கா சிரிக்கிற சத்தம் வந்தது. அடக்கப் பார்த்து, முடியாமல் இன்னும் பலமாகச் சிரித்தாள். முகத்தைப் பார்ப்பதற்கு முன்னாலேயே அந்தச் சிரிப்புக்கு மாப்பிள்ளை சம்மதித்துவிட்டார் என்று நினைக்கிறேன். மாலையைத் தெரு ஆடுகள் தின்றன. அம்மா என் தொடையைக் கிள்ளிக் கன்ற வைத்தாள். தை மாதம் கல்யாணம்.

கல்யாணமான மறு மாதம் அக்கா போன் செய்தாள். "ஏட்டி, ஒன் புஸ்தகத்தப் படிச்சிட்டு அத்தான் அழுதுக்கிட்டு இருக்காவ. நான்தான் என்னமோ சொல்லிட்டேன்னு எங்க அத்தை மொறைக்காவ. நீயே அவுககிட்ட பேசு." பேசினேன்.

அன்றிலிருந்து இரண்டு குடும்பத்திலும் யார் கண்ணைத் துடைத்தாலும், ஆறுதல் சொல்வதற்கு முன் ஒரு கேள்வி கேட்டுவிடுகிறார்கள்: "ஆளா, குதிரையா?" என் விஷயத்தில் பெரும்பாலும் குதிரைதான்.