சிபாரிசுக் கடிதத்தின் பின்பக்கம்

ஒரே ஒரு தேயிலைப் பையில் ஐந்து பேருக்குத் தே ஓ, அதாவது பால் சேர்க்காத தேநீர், கலக்கத் தெரிந்த மனிதர் ஜொகூர் மாநிலத்திலேயே ஒருவர்தான். அவர் என் வீட்டில் குடியிருக்கிறார். சரியாகச் சொன்னால், அவர் வீட்டில் நான் குடியிருக்கிறேன். ஸ்கூடாயில் ஒரு தாமான் குடியிருப்பு வீடு. பின்னறை எனக்கு, மற்ற அறைகளெல்லாம் அவருடைய சாமான்களுக்கு. அந்தச் சாமான்களுக்கு இடைஞ்சல் இல்லாமல் அவரும் ஓர் ஓரத்தில் வசிக்கிறார்.

என் ஆய்வுக்கான யோசனை வந்த கணம் நன்றாக நினைவிருக்கிறது. மழை வரும்போல இருந்த ஒரு சாயங்காலம், கொடியில் காய்ந்த என் சட்டையை எடுக்க ஓடினேன். சட்டைக்குப் பக்கத்தில் பதினொரு தேயிலைப் பைகள் கிளிப் மாட்டித் தொங்கின. ஒவ்வொரு நூலின் நுனிக் காகிதத்திலும் நீலப் பேனாவால் ஒரு எண். ஒன்று, இரண்டு, மூன்று. எது எத்தனை தண்ணீர் கண்டது என்பதற்கு அடையாளம். அவசரத்தில் ஒன்று அறுந்து என் முகத்தில் விழுந்தது. உள்ளேயிருந்து அவர், உறவில்லாவிட்டாலும் நான் அண்ணன் என்று கூப்பிடுகிறவர், குரல் கொடுத்தார்.

"தம்பி, மூணாம் நம்பர எறிஞ்சிராத லா. அதுல இன்னும் சரக்கு இருக்கு."

நான் அப்போது ரசாயனத்தில் முதுநிலை ஆய்வில் சேர்ந்து, தலைப்புக் கிடைக்காமல் மூன்று மாதமாக மேற்பார்வையாளர் கண்ணில் படாமல் நடமாடிக்கொண்டிருந்தேன். அன்று காலைதான் எங்கோ படித்திருந்தேன்: அணு உலையில் சில வருடம் எரிந்த எரிபொருள் தண்டுகளை, முடிந்துவிட்டது என்று வெளியே எடுக்கிறார்கள், ஆனால் உள்ளே பெரும்பகுதி இன்னும் உபயோகப்படும். அமிலத்தில் கரைத்து, வேண்டியதைப் பிரித்து எடுத்தால், அதையே மறுபடி எரிபொருளாக்கலாம். சரக்கு இருக்கு. சிலர் தலையில் பழம் விழுகிறது. என் முகத்தில் ஈரத் தேயிலைப் பை விழுந்தது. அவரவர் தகுதிக்கு ஏற்றது.

அண்ணனை எல்லோரும் காராங்குனி என்றுதான் கூப்பிடுவார்கள். பழைய பேப்பர், பழைய இரும்பு என்று வாங்கிப் போக வீடு வீடாக வருகிறவரை நாங்கள் இங்கே அப்படித்தான் சொல்வோம். அவர் உண்மையில் ஏர்கோன் பழுது பார்ப்பவர், பெக்கான் நானாஸ் ஊர்க்காரர். பழுது பார்க்க முடியாத ஏர்கோன்களை வீட்டுக்குக் கொண்டுவந்து, போர்ச்சில் உட்கார்ந்து, மீன் ஆய்வதுபோல ஆய்வார். பட்டப்பெயருக்கு அவர் கோபித்துக்கொண்டதே இல்லை. தன் வேனில் எழுதி வைக்கலாமா என்று யோசித்தார். பெயிண்ட் வீணாகுமே என்று விட்டுவிட்டார். சொந்தப் பெயர் வீட்டு வாடகை ஒப்பந்தத்தில் இருந்தது. அந்த ஒப்பந்தத்தின் பின்பக்கம் காலியாக இருந்ததால் அதில் மளிகைச் சாமான் பட்டியல் எழுதிக் கடைக்குக் கொடுத்துவிட்டார்.

இந்தப் பின்பக்க விஷயத்தைத் தயவுசெய்து ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளவில்லை.

தலைப்புக் கிடைத்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. அணு உலையே இல்லாத நாட்டில் உட்கார்ந்துகொண்டு அணு எரிபொருளை மறுசுழற்சி செய்ய ஆரம்பித்தேன். எங்கள் ஆய்வுக்கூடத்தில் யுரேனியம் கிடையாது. அந்த மாதிரித் தனிமங்களுக்குப் பதில், கிட்டத்தட்ட அதுபோல் நடந்துகொள்ளும் சீரியத்தை வைத்துத்தான் எல்லாச் சோதனையும். கதாநாயகன் வரவேயில்லை, டூப்பை வைத்தே முழுப் படத்தையும் எடுத்தேன். சொந்த ஊர் லாபிஸில் அம்மா சொந்தக்காரர்களிடம், பையன் ஏதோ ரீசைக்கிள் பற்றிப் படிக்கிறான் என்று பெருமையாகச் சொல்லிவைக்க, மாமா போன் போட்டு, இவ்வளவு படித்துவிட்டுக் குப்பை லோரி பின்னால் ஓடப் போகிறாயா என்று உண்மையான வருத்தத்தோடு கேட்டார்.

அண்ணனுக்கு மட்டும் விளக்கமே தேவைப்படவில்லை. "பெரிய எடத்து பெசி புரோக்," என்றார். பழைய இரும்பில் பெரிய வகை என்று அர்த்தம்.  எனக்கு லேசான அவமானம்.

அப்போதுதான் ஒரு வெளிநாட்டு ஃபெலோஷிப் அறிவிப்பு கண்ணில் பட்டது. அணு எரிபொருள் மறுசுழற்சியில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறவர்களுக்கு மட்டும். செலவெல்லாம் அவர்களுடையது, நிஜமான ஆய்வுக்கூடம், நிஜமான யுரேனியம். என் டூப்புக்கு விடுதலை. அது கிடைக்காவிட்டால் எனக்கு இந்தத் துறையில் வேறு வாசல் இல்லை. தெரு முனையில் இருக்கும் கையுறைத் தொழிற்சாலையில் தர ஆய்வாளர் வேலைதான். பன்னிரண்டு பக்கத்தில் ஆய்வுத் திட்டம் எழுதினேன். அதில் "மனித குலம்" என்ற சொல் ஒன்பது முறை வந்தது. என் மேற்பார்வையாளர், நாங்கள் டாக்டர் என்று கூப்பிடும் மூவாரைச் சேர்ந்த மலாய் அம்மையார், அதைப் படித்துவிட்டு மனித குலத்தைப் பாதியாகக் குறைக்கச் சொன்னார். நான் எட்டாகக் குறைத்தேன்.

கடைசித் தேதி அவர்களுக்கு வியாழன் நள்ளிரவு, நமக்கு வெள்ளி நண்பகல். ஜொகூரில் அப்போது இன்னும் வெள்ளியும் சனியும்தான் வார விடுமுறை. வெள்ளிக்கிழமை பல்கலைக்கழகத்தில் காக்கைகூட இருக்காது. ஆகவே வியாழன் மதியமே டாக்டரிடம் கையெழுத்துப் போட்ட சிபாரிசுக் கடிதத்தை வாங்கிக்கொண்டேன். விதிப்படி அதை ஸ்கேன் செய்து நானே அனுப்பலாம். வீட்டுக்கு வந்து சாப்பாட்டு மேசையில் வைத்தேன். மடங்கக்கூடாது என்று மேலே ஊறுகாய் போத்தலை வைத்தேன். அவ்வளவு ஜாக்கிரதை.

மறுநாள் பதினொன்றரைக்குப் பக்கத்துக் கடைவரிசையில் இருந்த போட்டோஸ்டாட் கடைக்கு ஓடினேன். கடிதத்தைப் பிளாஸ்டிக் உறையில் முன்பக்கம் தெரிய வைத்திருந்தேன். முன்பக்கத்தில் என்னைப் புகழ்ந்திருந்தார்கள். பின்பக்கத்தைத் திருப்பிப் பார்க்க எனக்கு என்ன தேவை? கடையிலிருந்த மெஷின் இரண்டு பக்கத்தையும் தானே இழுத்து ஸ்கேன் செய்யும் ரகம். பன்னிரண்டுக்கு எட்டு நிமிடம் இருக்கையில் அனுப்பிவிட்டு, சேம்பியன் மாதிரி வீட்டுக்கு வந்தேன்.

அண்ணன் மேசைக்கு அடியில் தவழ்ந்துகொண்டிருந்தார்.

"தம்பி, இங்க ஒரு லிஸ்ட் எழுதி வச்சிருந்தேன். பாத்தியா?"

"எதுல எழுதுனீங்க?"

"ஊறுகா போத்தலுக்கு அடியில ஒரு தாள் கெடந்துச்சு. பின்பக்கம் காலியாத்தான் இருந்துச்சு."

கைத்தொலைபேசியில் நான் அனுப்பிய கோப்பைத் திறந்தேன். இரண்டு பக்கம். முதல் பக்கத்தில் பல்கலைக்கழக முத்திரை. இரண்டாம் பக்கத்தில் நீலப் பேனா, தமிழ், நடுவே ஒரு எண்ணெய்க் கறை. படிக்கவே இல்லை, கண்ணை மூடிக்கொண்டு கோப்பையும் மூடினேன். மாற்றி அனுப்ப வழியில்லை. நேரம் முடிந்திருந்தது.

அன்று நான் அவரைப் பேசியதை இப்போது எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஒன்று மட்டும் சொல்கிறேன். "ஒங்க குப்பையெல்லாம் என் வாழ்க்கைல கொண்டாந்து கொட்டிட்டீங்கண்ணே," என்றேன். அவர் மேசைக்கு அடியிலிருந்து எழுந்து வந்தார். பிறகு ஏதோ கேட்க வாயெடுத்தார். நான் அறைக் கதவைச் சாத்திக்கொண்டேன்.

அதன்பின் வீட்டில் நடந்தது பெரிய தண்டனை, எனக்கு. அண்ணன் கடைக்குப் போய்ப் புதுத் தேயிலைப் பெட்டி வாங்கி வந்தார். என் கண் முன்னாலேயே ஒரு பையை ஒரே ஒரு தடவை வெந்நீரில் நனைத்து, துக்க வீட்டுக்கு வந்தவர் முகத்தோடு குப்பைத் தொட்டியில் போட்டார். தினமும் இப்படி. கொடியில் என் சட்டைகள் தனியாகத் தொங்கின. பட்டியல் எழுதுவதற்கென்றே கோடு போட்ட புது நோட்டு ஒன்று வாங்கியிருந்தார்; அதில் ஒரு பக்கம்கூட எழுதவில்லை, மனசு வரவில்லை போலும். மூன்று வாரம் நான் நல்ல கெட்டியான தே ஓ குடித்தேன். அதில் மூன்றாம் நம்பரின் ருசி இல்லை.

ஆச்சரியமாக, காணொளி நேர்முகத்துக்கு அழைப்பு வந்தது. காலை ஒன்பது மணிக்கு. அந்த நேரத்தில்தான் எங்கள் தெருவில் ரொட்டிக்காரர் மோட்டாரில் ஹாரன் அடித்துக்கொண்டு வருவார். அண்ணனிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் சுவர் வழியாக என் ஒத்திகை கேட்டதோ என்னவோ, அவர் எட்டே முக்காலுக்கே தெரு முனையில் போய் நின்று ரொட்டிக்காரரை மடக்கி, சத்தம் போடாமல் போவதற்காக ஆறு பாக்கெட் பன் வாங்கியதை முன்பக்க ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அதில் இரண்டு ஏற்கெனவே கொஞ்சம் காய்ந்தவை.

திரையில் மூன்று பேர். நடுவில் இருந்த நரைத்த அம்மையார்தான் தலைவர். உங்கள் நாட்டில் உலையே இல்லையே, நீங்கள் ஏன் இதைப் படிக்க வேண்டும் என்றார். இதற்குத்தான் நான் அழைப்பு வந்த நாளிலிருந்து கண்ணாடி முன் நின்று பயிற்சி எடுத்திருந்தேன். மனித குலத்தில் தொடங்கி மனித குலத்தில் முடித்தேன். அவர் ஒரு வார்த்தைகூடக் குறித்துக்கொள்ளவில்லை. பிறகு திரையில் இரண்டாம் பக்கம் வந்தது.

இது என்ன என்று கேட்டார்.

பொய் சொல்ல ஐந்து வழி தோன்றியது. ஐந்துமே எண்ணெய்க் கறையில் வழுக்கின. என் வீட்டில் இருக்கும் அண்ணன் எழுதியது, ஏர்கோன் பழுது பார்ப்பவர், தாளின் பின்பக்கம் காலியாக இருந்தால் அவரால் தாங்க முடியாது என்று உண்மையைச் சொன்னேன். சரி, வரி வரியாக மொழிபெயர்த்துச் சொல்லுங்கள் என்றார். முதல் தடவையாக அதைப் படித்தேன்.

"பழைய ஏர்கோன் ஒண்ணு, பிரிச்சது.
கேஸ்: சிலிண்டர்ல புடிச்சாச்சு. காத்துல விடல.
செம்புக் கொழாய்: தனி.
அலுமினியத் தகடு: தனி.
கம்ப்ரஸர் எண்ணெ: போத்தல்ல. மூடி இறுக்கம்.
கெப்பாசிட்டர்: தொடாத. கரண்ட் உள்ளாற நிக்கும். தனியா கெடந்து ஆறட்டும்.
மிச்சம்: கருப்பு ஸ்பாஞ்சு, பசை. ஒரு கை அளவு. எதுக்கும் ஆவாது. வெளிய போட்டா நம்ம காலத்துக்கு அப்புறமும் கெடக்கும். என்ன செய்றதுன்னு தம்பிகிட்ட கேக்கணும்."

கடைசி வரிக்கு வந்ததும் என் ஆங்கிலம் நின்றுவிட்டது. கெப்பாசிட்டர் வரியிலேயே அந்தப் பக்கம் இருந்த ஒருவர் சிரித்திருந்தார். உலையிலிருந்து எடுத்த எரிபொருள் தண்டையும் முதலில் தண்ணீர்த் தொட்டியில் பல வருடம் ஆறவிட்டுத்தான் தொடவேண்டும். இப்போது அவரும் சிரிக்கவில்லை.

அந்தத் தம்பி நீங்கள்தானா என்று அம்மையார் கேட்டார். ஆமாம் என்றேன். உங்களைக் கேட்டாரா என்றார்.

இல்லை, நான் கேட்கவிடவில்லை என்றேன்.

இரண்டு வாரத்தில் பதில் வந்தது. தேர்வாகவில்லை. காத்திருப்புப் பட்டியலில் என் பெயர் இருந்தது, மேலே இருப்பவர்கள் யாரும் விலகுகிறவர்களாகத் தெரியவில்லை. ஆனால் கீழே ஒரு குறிப்பு. என் ஆய்வுத் திட்டம், எரிந்த எரிபொருளிலிருந்து எதையெல்லாம் மீட்கலாம் என்று பன்னிரண்டு பக்கம் பேசுகிறதாம். மீட்டபின் எஞ்சும் அந்தக் கொஞ்சத்தை என்ன செய்வது என்பதற்கு ஒரே ஒரு வரி. இந்தத் துறையின் தலைவலியே அந்தக் கொஞ்சம்தான். இரண்டாம் பக்கத்தை எழுதியவர் அதைக் கவனித்திருக்கிறார், நீங்களும் கவனித்துவிட்டு அடுத்த முறை விண்ணப்பியுங்கள்.

போர்ச்சுக்குப் போய் அண்ணனுக்கு அதைப் படித்து அர்த்தம் சொன்னேன். கையிலிருந்த ஸ்குரூ டிரைவரைக் கீழே வைத்தார்.

"அப்ப, என் பக்கம் பாஸ். ஒன் பக்கம் ஃபெயிலு."

"ஆமாண்ணே."

"அலமாக்," என்றார், எனக்காக வருத்தப்பட்டு. பிறகு உள்ளே போய் ஒரு பழைய பிஸ்கட் டின்னை எடுத்து வந்து திறந்து காட்டினார். அந்தக் கருப்பு ஸ்பாஞ்சு, அந்தப் பசை. ஒரு கை அளவுதான். "இப்பக் கேக்குறேன். இத என்ன செய்யலாம்?"

"தெரியலண்ணே."

"இவ்ளோ படிச்சுமா?"

"அதத்தான் இனிமே படிக்கணும்."

அவர் ஏமாற்றமடைந்ததாகத் தெரியவில்லை. டின்னை இறுக மூடி, மேலே நீலப் பேனாவால் தேதி போட்டு, ஃபிரிட்ஜுக்கு மேலே, யார் கையும் எட்டாத இடத்தில் வைத்தார். தம்பி படித்துவிட்டு வரும்வரை இருக்கட்டும் என்றார். உலகத்தின் பெரிய பெரிய நாடுகளும் தங்கள் மிச்சத்தை இதுவரை கிட்டத்தட்ட இப்படித்தான் வைத்திருக்கின்றன என்று நான் அவரிடம் சொல்லவில்லை. தலைக்கனம் வந்துவிடும்.

அடுத்த மாதம் விண்ணப்பம் மறுபடி திறக்கிறது. புதுத் திட்டம் எழுதிவிட்டேன். முழுக்க அந்த ஒரு கை அளவைப் பற்றி. மனித குலம் ஒரு தடவைதான் வருகிறது, அதுவும் பழக்க தோஷம். டாக்டர் புதுக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார்.

கடிதத்தைச் சாப்பாட்டு மேசையில் கவிழ்த்து வைத்திருக்கிறேன். மேலே ஊறுகாய் போத்தல், பக்கத்தில் நீலப் பேனா. அண்ணன் இன்னும் பார்க்கவில்லை. கொடியிலிருந்து மூன்றாம் நம்பரை எடுத்துவந்து தே ஓ கலக்கிக்கொண்டிருக்கிறார், இரண்டு கோப்பை.